கீழ்க்கட்டளை மதில்மேல் விழுந்த வெளிச்சம்

ஜெபகுமாரின் மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கு, வண்டி எந்த ஊரில் எந்த ரோட்டில் நின்றாலும், கீழ்க்கட்டளையில் இருக்கும் அவனுடைய மாமனார் வீட்டு உள்மதிலின்மேல்தான் விழுந்தது. 2021 ஆகஸ்டு மாதம் இரண்டாவது சனிக்கிழமை தொடங்கிய இந்தச் சங்கதி இன்றுவரைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வண்டி மேடவாக்கத்தில் நிற்கும். ஸ்டார்ட் பண்ணினால் ஐம்பது அடி தள்ளி எதிரே, பாதி பூசியும் பாதி பூசாமலும் விட்ட அந்த மதில் தெரியும். அதை ஒட்டிய துணிக்கொடி தெரியும், துவைக்கிற கல் தெரியும், மூலையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்துவிட்ட கறிவேப்பிலைக் கன்று தெரியும், மாமியார் புஷ்பலதா அன்றைக்குக் காயப்போட்ட நைட்டி என்ன நிறம் என்பதுகூடத் தெரியும். நம்பாதவர்கள் மேடவாக்கம் கூட்ரோட்டில் பஜ்ஜி போடும் கேசவனைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் நாலு வருஷமாக அந்த நைட்டிகளைப் பார்த்துவருகிறவர். ஊதா நிற நைட்டியின் தோளில் கிழிசல் விழுந்ததை வீட்டுக்காரர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் அவர்தான்.

ஜெபகுமார் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக 2014இல் வந்தான். ரேஷ்மா ஒரே மகள். அவளை வெளியே அனுப்பமாட்டோம் என்று பெண் பார்க்கும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கரணையில் ஒரே அறையில் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகளோடு படுத்து எழுந்துகொண்டிருந்தவனுக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு சூட்கேசும் ஒரு ஹெல்மெட்டுமாக வந்து சேர்ந்தான். ஆறு மாதம் போன பிறகுதான் உறைத்தது. ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதிலிருந்து கட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்பது வரைக்கும் அந்த வீட்டில் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. யாரும் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் பேஜாரே. பேசியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே போயிருப்பான். தட்டில் மீன் வறுவல் எப்போதும் அவனுக்குத்தான் முதலில் விழுந்தது, பெரிய துண்டாகவும் விழுந்தது. அப்படிப்பட்ட வீட்டைவிட்டு எந்த முகத்தோடு கிளம்புவது? அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ரேஷ்மாவோடு தனிக்குடித்தனம். கூடுவாஞ்சேரியில் இரண்டு அறை உள்ள ஒரு வீடு. ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு, இஷ்டப்பட்ட நேரத்துக்குச் சாப்பிட்டு, இஷ்டப்பட்ட பக்கம் தலைவைத்துப் படுக்கிற ஒரு வீடு. ரேஷ்மாவும் அதற்குச் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். திரைச்சீலைக்கு மாம்பழ நிறம் நன்றாயிருக்கும் என்றும் சொல்லியிருந்தாள்.

மாமனார் வேதசிரோமணி கெட்டவர் இல்லை. பஞ்சாயத்தில் முப்பத்தோரு வருஷம் குடிநீர்க் குழாய் திறந்துவிடும் வேலை பார்த்தவர். தெருத்தெருவாக சைக்கிளில் போய், தரையில் பதித்த மூடியைத் தூக்கி, நீளமான கம்பியை விட்டு வால்வைத் திறப்பார். நேரமானதும் மறுபடி போய் மூடுவார். திறந்ததை மூடினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ரிட்டயர் ஆன பிறகு வால்வு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு எல்லாரும் வீட்டுக்குள் இருக்கவேண்டும், கேட்டு பூட்டப்படவேண்டும், குடும்ப ஜெபம் நடக்கவேண்டும். அவருடைய ஜெபம் லேசில் முடியாது. தெருவில் உள்ள நோயாளிகள், நாட்டின் தலைவர்கள், ஏரியில் தண்ணீர் மட்டம், பக்கத்து வீட்டுக் கல்யாணமாகாத பெண் எல்லாரும் அதில் வருவார்கள். முதல் இரண்டு மாதம் ஜெபகுமார் காது கொடுத்துக் கேட்டான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் வேலையை யோசிக்கப் பழகிக்கொண்டான். மாமனாரின் குரல் ஒரு இடத்தில் ஏறி இறங்கும். அப்போது எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட வேண்டும். அந்த வித்தையில் அவன் தேறிவிட்டிருந்தான்.

அவனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. மேடவாக்கத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகள் அவன் பொறுப்பு. லிஃப்ட் கெடுவதற்கென்று ஒரு நேரம் உண்டு, ஐ.டி. ஆட்கள் ஓ.எம்.ஆரிலிருந்து திரும்பும் சாயங்காலம்தான் அது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டு மணியடிக்கும். அவன் போய் இறக்கிவிடுவான்; அந்த நாட்களில் மாமனாரின் ஆறரை மணி அவனுக்குத் தவறிப்போகும். அந்த ரோடுகளோ தோண்டிப்போட்டுக் கிடந்தன. தண்ணீர் லாரிகள் வழியெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டு போகும். பள்ளத்துக்குள் தண்ணீர் நின்றால் அது பள்ளமா ரோடா என்று தெரியாது. அவனுடைய 2018 மாடல் வண்டியில் கம்பெனி வைத்துக் கொடுத்த விளக்கு, பழுத்த எலுமிச்சம்பழ நிறத்தில் முன்சக்கரத்துக்கு மட்டும் வழிகாட்டியது. ஒரு நாள் கோவிலம்பாக்கத்தில் விழுந்து, சட்டைக்கை கிழிந்து, முழங்கை தேய்ந்து வந்தான். ரேஷ்மா டெட்டால் வைத்துத் துடைத்தாள். மறுநாளே அவன் தாம்பரத்தில் சேட்டு என்று எல்லாரும் கூப்பிடும் ஆளுடைய உதிரிபாகக் கடைக்குப் போய், வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று, பேட்டரியிலிருந்து கரண்டை நேராகப் பல்புக்கு எடுத்துவிடும் ரிலே ஒன்று, ஃபியூஸ், வயர், கறுப்பு டேப் எல்லாம் வாங்கிவந்தான். கடையில் மாட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான். அந்த வீட்டில் அவன் கையால் நடக்கும் காரியம் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தான்.

அவனுக்கு வார விடுமுறை சனிக்கிழமை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து விளக்கின் முகத்தைக் கழற்றினான். ரிலேயை ஹேண்டில் கழுத்துக்குக் கீழே ஒளித்துவைத்தான், வயர்களை டாங்க்குக்கு அடியில் இழுத்துக் கட்டினான், ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டான். லிஃப்ட்டில் நூறு வயர் பார்த்த கை. ஒரு இடத்தில்கூடப் பிசிறில்லை. இனி வெளிச்சத்தைச் சரியான மட்டத்தில் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதற்கு வீட்டில் வைத்துச் செய்கிற எல்லாரும் செய்வதுதான்: இருபத்தைந்து அடி தூரத்தில் ஒரு சுவர் வேண்டும், அதில் விளக்கின் உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு வேண்டும், பொழுது மங்கியிருக்கவேண்டும். கேட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினால் உள்மதில் கணக்காக இருபத்தைந்து அடி. கோடு போட்டு, வெளிச்சத்தை அதன்மேல் விட்டு, திருகாணியைத் திருகித் திருகி இறக்கிக்கொண்டிருந்தபோது மணி ஆறரை ஆகிவிட்டது. மாமனார் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். மாமா, ரெண்டே நிமிஷம், இதை இப்போ விட்டா கோணிக்கும் என்று ஜெபகுமார் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புது விளக்கு, அதுவும் ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிக்கவேண்டும், இங்கேயே பண்ணிவிடலாம் என்று சொல்லி எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். ரேஷ்மா வந்து நின்றாள். புஷ்பலதா வாசற்படியில் நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சம் மதிலில் பளிச்சென்று விழுந்திருந்தது. வேதசிரோமணி அதன்மேல் கண்ணை வைத்து இருபது நிமிஷம் ஜெபித்தார். ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டு திருகாணியை இன்னும் கால் சுற்று இறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். குரல் ஏறி இறங்கியதும் ஆமென் என்றான்.

அவர் என்ன ஜெபித்தார் என்பது அப்புறம்தான் அவனுக்குத் தெரியவந்தது. “ஆண்டவரே, இந்தப் பிள்ளை எந்த வெளிச்சத்தின் பின்னே போனாலும் அந்த வெளிச்சம் இந்த மதிலைவிட்டு விலகாதிருப்பதாக. பொழுது அடையுமுன்னே இவனை இந்த மதிலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பீராக.” கேட்கிறவர்களுக்கு இதில் என்ன தப்பு தெரியும்? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். இந்த ஒரு வீட்டில் அது எழுத்துப் பிசகாமல் பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேடவாக்கத்தில் ஒரு லிஃப்ட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குக் கிளம்பியபோது, ரோட்டுக்குக் குறுக்கே மதில் நின்றது. முதலில் கொசுவலை போல மெல்லிசாக இருந்தது. அதற்குப் பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் போவது தெரிந்தது. வண்டியை ஓட்ட ஓட்ட அது ஐம்பது அடி முன்னாலேயே ஓடியது. பொழுது இறங்க இறங்கத் தடித்தது. கடைசியில் பஸ்களும் தெரியவில்லை, ஆட்டோக்களும் தெரியவில்லை. பிரேக் பிடித்தான், முன்சக்கரம் துவைக்கிற கல்லில் முட்டி நின்றது. மாமனார் வீட்டு முற்றத்தில் இருந்தான். திரும்பிப் பார்த்தால் கேட்டு பூட்டியபடியே இருந்தது. கேட்டைத் திறக்காமல் வண்டி எப்படி உள்ளே வந்தது என்று அவன் வேர்த்து விறுவிறுத்து நிற்கையில், வேதசிரோமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நல்ல நேரத்துக்கு வந்தீங்க மாப்ள, கைகால் கழுவிக்கினு வாங்க என்றார். கேட்டு பூட்டியிருந்ததைப் பற்றி அவர் பேசவேயில்லை. மூடவேண்டியது மூடியிருந்தது, உள்ளே இருக்கவேண்டியவர் உள்ளே இருந்தார்.

ஒரு வாரம் அவன் யாரிடமும் சொல்லவில்லை; மாமனாரிடம் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. எல்.இ.டி. பல்பைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் பல்பை மாட்டினான்; மதில் மஞ்சளாக வந்தது. ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தான். இப்போது வருகிற வண்டிகளில் விளக்கை அணைக்கிற சுவிட்சே கிடையாது என்பதால் முகப்பு விளக்கின் இணைப்பையே உருவிவிட்டு இருட்டில் ஓட்டிப் பார்த்தான். முன்னால் போன லாரியின் பின்விளக்கு போதுமாக இருந்தது, சிவப்பாக ஒரு மதில் எழுந்து வந்தது. தாம்பரத்தில் கூடுவாஞ்சேரி பஸ் ஏறிப் பார்த்தான். பீர்க்கன்காரணை தாண்டியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவே மதிலும் கொடியில் இரண்டு பாவாடையும் நின்றன. பின்னால் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. ஐம்பது பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்டக்டர் அனுபவசாலி, யார் வூட்டுச் செவுருப்பா இது, எறங்கிடு என்றார். ஜெபகுமார் இறங்கினான், மதில் அவனோடு இறங்கிக்கொண்டது, பஸ் போய்விட்டது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தான். கால் கறிவேப்பிலைக் கன்றின்மேல் பட்டது. ரயிலை மட்டும் அவன் முயன்று பார்க்கவில்லை. ஆயிரம் பேர் வாயில் விழ அவனுக்குத் தெம்பில்லை.

அப்படியே நாலு வருஷம் ஓடியது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். வெயிலில் மதில் இருப்பதே தெரியாது. புகுந்து போனால் முகத்தில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும், அவ்வளவுதான். வெயில்காலத்தில் ஆறு நாற்பது வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கே முற்றத்துக்கு வந்துவிடுவான். மழைமூட்டம் போட்டால் மூன்று மணிக்கே வந்துவிடுவதும் உண்டு. அப்போது மேடவாக்கத்தில் பாதி பிரித்துப்போட்ட மோட்டார் பிரித்தபடியே கிடக்கும். சாயங்கால வேலை எல்லாம் அவனோடு வேலைக்குச் சேர்ந்த மதியழகனுக்குப் போனது. சாயங்காலம் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டவனுக்குத்தான் பேர் வரும், பேர் வந்தவனுக்குத்தான் சூப்பர்வைசர் பதவி வரும். 2023இல் மதியழகன் சூப்பர்வைசர் ஆனான். ஜெபகுமார் பகலில் போய் எண்ணெய் விட்டு, துடைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவனாக நின்றுபோனான். ஒரு சினிமா இல்லை, ஒரு ரிசப்ஷன் இல்லை, சிநேகிதன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பியர் இல்லை. சிறையில் இருப்பவனுக்காவது கம்பி இருக்கிறது, பிடித்து ஆட்டலாம். இங்கே சுடச்சுட காபி அல்லவா கொடுக்கிறார்கள் என்று மதியழகனிடம் ஒரு தடவை சொல்லி அழுதுவிட்டான். மதியழகன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு சாயங்கால வேலைக்குப் போனான்.

அந்த 2023 தையில்தான் கூடுவாஞ்சேரி வீடு அமைந்தது. சாம்பசிவன் என்பவருடையது, மூன்றாவது மாடி, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த பால்கனி. பகலிலேயே சாமான் ஏற்றிக்கொண்டு பகலிலேயே போய் இறங்கிவிட்டால் மதில் என்ன செய்யும் என்பது ஜெபகுமாரின் திட்டம். வேதசிரோமணி தடுக்கவில்லை, சாமான் ஏற்றின வண்டிக்கும் ஜெபம் பண்ண வந்தவரை அவன் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தான். மாம்பழ நிறத்தில் திரைச்சீலை மாட்டினார்கள். முதல் நாள் அவன் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தான், எந்த வெளிச்சத்தின் பின்னும் போகாததால் மதில் வரவில்லை, ஃபேனை அஞ்சில் வைத்தான். மறுநாள் வேலைக்குப் போனவன் திரும்பும்போது வண்டலூர் வரைக்கும் வந்துவிட்டான், அதற்குள் இருட்டிவிட்டது. துவைக்கிற கல்லில் முட்டி நின்றான். புஷ்பலதா தட்டு வைத்து மீன் வறுவல் போட்டாள். இப்படி நாற்பது நாள் நடந்தது. புருஷன் கீழ்க்கட்டளையில் மாமனார் வீட்டில் தூங்குவான், பெண்டாட்டி கூடுவாஞ்சேரியில் தனியாகத் தூங்குவாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து இவன் அவளைப் பார்க்க ஓடி, ஒரு தோசை தின்றுவிட்டு மேடவாக்கத்துக்கு வேலைக்குத் திரும்புவான். தனிக்குடித்தனம் என்று ஆசைப்பட்டது இப்படி ஆளுக்கொரு ஊரில் தனியாக இருப்பதற்கா? நாற்பத்தோராம் நாள், தண்ணி ரொம்ப உப்பா கீது, தலைமுடி எல்லாம் கொட்டுது என்று சொல்லி ரேஷ்மா ஒரு கட்டைப்பையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் ஜெபகுமார் அந்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்தான். என்றைக்காவது ஒரு நாள் என்று இரண்டு வருஷம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பகலில் போய் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வருவான்.

2025 ஜூலையில் சாம்பசிவன், பூட்டியே கிடக்கிற வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். குடிவருவதானால் இந்த மாதத்துக்குள் வாருங்கள், இல்லையானால் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் ஜெபகுமார் எழுந்திருக்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மாமனாரிடம் நேருக்கு நேராகக் கேட்டான். “மாமா, அன்னிக்கி வெளக்கு முன்னாடி இன்னா ஜெபம் பண்ணீங்களோ, அத்த வாபஸ் வாங்கிக்கோங்க. என்னால முடியல.” எந்த ரோட்டில் போனாலும் மதில் வந்து நிற்பதை முதல் நாளிலிருந்து எல்லாம் சொன்னான். தன்னுடைய ஜெபம் ஒரு ஆளை இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு வீட்டின்மேல் பிரியம் அதிகம் என்றே அத்தனை வருஷமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று நாள் உபவாசம் இருந்தார். சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொள்வதாக வாய்விட்டு ஜெபித்தார். அப்போதுதான் ஜெபகுமாருக்கு அந்த வார்த்தைகள் என்னவென்று தெரிந்தது. அவனும் தன் ஆமெனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான். மூன்றாம் நாள் சாயங்காலம் மதில் முன்னைப்போலவே வந்தது, வண்டி துவைக்கிற கல்லில் முட்டியது.

நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். பெரியவர் நியாயமாகத்தான் யோசித்தார். கேட்டவன் நான், நான் விட்டுவிட்டேன். ஆனால் ஆமென் சொன்னவர்கள் எல்லாரும் விடவேண்டாமா என்றார். புஷ்பலதா, அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டேன், நான் ஆமென் சொல்லவே இல்லை என்றாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். மூன்று பேரும் ரேஷ்மாவைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

“நான் கேட்டுக்கினுதான் ஆமென் சொன்னேன்” என்றாள். “ஒரு வார்த்தை வுடாம கேட்டேன். அப்பா கேக்கலேன்னா நானே கேட்டிருப்பேன்.”

ஜெபகுமாருக்கு முதலில் புரியவில்லை. கூடுவாஞ்சேரி வீட்டுக்கு நீயும்தானே சரி என்றாய் என்று கேட்டான். ஆமாம், நீ ஆசைப்பட்டாய், சரி என்றேன் என்றாள். பிறகு கீரையைத் தட்டில் வைத்துவிட்டு, அவனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து வண்டி சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தவ நான். ஒவ்வொரு வண்டியும் நம்ம வண்டியான்னு. நீ கைய தேச்சிக்கினு வந்த அன்னிக்கே எனக்கு உசுரு போயிடிச்சி. அந்த வெளக்கு வந்தப்புறம் நீ கெளம்புனா மதில்ல வெளிச்சம் வுழுது. பகல்ல லேசா கீது, கண்ண இடுக்கிக்கினு பாக்கணும். நீ பள்ளத்துல எறங்குனா அது குதிக்குது. எந்தக் குதி எந்த எடம்னுகூட எனக்கு அத்துப்படி. சிக்னல்ல நின்னா நடுங்கிக்கினே நிக்குது. அணைஞ்சிட்டா நீ ஏதோ ஒரு லிஃப்ட்டாண்ட போய்ச் சேந்துட்டன்னு நெனச்சிக்குவேன். நாலு வருசமா அத்த பாத்துக்கினுதான் துணி தொவைக்கிறேன், அரிசி பொறுக்குறேன். கூடுவாஞ்சேரில பால்கனில நின்னா ரோட்டுல ஆயிரம் வெளிச்சம் போவுது. அதுல எது உன்னுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

ஜெபகுமாருக்குக் கோபம் வந்தது. அப்படியொரு கோபம் அவனுக்கு மாமனார்மேல்கூட வந்ததில்லை. நாலு வருஷம், ஒரு பதவி, ஒரு வீடு, எத்தனை சாயங்காலங்கள்! கதவைப் பூட்டியவர் யாரோ என்று தேடிக்கொண்டிருந்தால், சாவி பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடலாம் என்று எழுந்தான். “வேணாம்னு நீ சொல்லு, இப்பவே வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றாள் ரேஷ்மா. “ஆனா நீதான் சொல்லணும்.” அவன் முற்றத்துக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனான், சாப்பிட்டான். நாலு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, மேடவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில் இறங்கிவரும்போது முடிவுபண்ணிவிட்டான். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். பயப்படுகிறவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், அதற்காக ஒரு மனுஷனைக் கொடியில் போட்ட துணி மாதிரி தினமும் பொழுது சாய்ந்தால் உள்ளே எடுத்துக்கொள்வதா? வாபஸ் வாங்கிவிடு என்று இரண்டே வார்த்தை. சட்டைப்பையில் சாவி இருந்தது. மணி ஐந்து ஐம்பது. வண்டியை ஸ்டார்ட் பண்ணினான், மதில் எதிரே வந்து நின்றது. புஷ்பலதாவின் பச்சை நைட்டியும் மாமனாரின் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. கூட்ரோட்டில் கேசவன் பஜ்ஜிக் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. சற்று நேரத்தில் ரேஷ்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மதிலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அவள் அங்கே வருவதை அவன் பார்த்ததுதான். துணி எடுக்க வருகிறாள், கறிவேப்பிலை கிள்ள வருகிறாள் என்று நினைத்திருந்தான். மடியில் ஒரு முறம் இருந்தது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலில் அவனுடைய வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பெரும்பாக்கம் பக்கமிருந்து வருகிற வண்டிகள் சேரும் இடத்தில் ஒரு பள்ளம். இறங்கி ஏறினான். அவளுடைய தோள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சிக்னலில் நின்றான், அவள் கை அரிசியில் ஓடியது. சிக்னல் விழுந்ததும் கை நின்றது. அவன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு அசைவு இருந்தது. கோவிலம்பாக்கத்தில் இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ கண்மண் தெரியாமல் பாய்ந்து குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினான். பின்சக்கரம் வழுக்கி, வண்டி பாதி திரும்பி, ஆட்டோவின் பக்கவாட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஆட்டோக்காரன் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். ஜெபகுமார் காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே முறம் கவிழ்ந்து கிடந்தது. அரிசி தரையெல்லாம் சிதறியிருந்தது. ரேஷ்மா எழுந்துநின்று இரண்டு கையையும் வெளிச்சத்தின்மேல் வைத்து, மதிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை அவள் பேரைச் சொன்னான். பிறகு இடதுகைக் கட்டைவிரலால் டிம் சுவிட்சைத் தட்டினான். வெளிச்சம் தாழ்ந்தது, ஏறியது, மறுபடி தாழ்ந்தது. ரோட்டில் எதிரே வருகிறவனுக்கு நீ போ என்று சொல்வதற்குத் தட்டுவதுதான். அவள் கையை எடுத்தாள். மதிலையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அப்புறம் குனிந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு வண்டி பூட்டிய கேட்டுக்கு உள்ளே, துவைக்கிற கல்லில் முட்டாமல் நின்றது. உள்ளே வேதசிரோமணி பாய் விரித்துக்கொண்டிருந்தார். ஜெபகுமார் ஹெல்மெட்டைக் கழற்றி, படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கேட்க வந்ததை அவன் அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு பகலில் போய் சாம்பசிவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆட்டோ குறுக்கே வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும், அவன் ஷூவைக் கழற்றியதும், ரேஷ்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

“கோவிலம்பாக்கத்துல யாரு குறுக்க வந்தது?” என்று கேட்டாள்.

“ஷேர் ஆட்டோ” என்றான்.

“வண்டிய ஓட்டுறானுங்களா அவனுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.